மந்திரிக்கு ஓர் ஆப்பிள் மாலை

விவேக் நகரின் அந்தக் குறுக்குத் தெருவில் சாக்கடை நடுரோட்டில்தான் ஓடும். அதில் யாருக்கும் பெரிய மனக்குறை இருந்ததில்லை. தாயம்மாவின் மகள் மோனிகாவுக்குக் கல்யாணம் நிச்சயமான அன்றுதான் அது தேசியப் பிரச்சினை ஆயிற்று. தங்கவயலிலிருந்து வந்திருந்த சம்பந்தியம்மா, பட்டுப்புடவையை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தார். வேனில் ஏறும்போது சொல்லிவிட்டும் போனார்.

“ரோடு போட்டா கல்யாணம். இல்லாட்டி எங்க புள்ளைக்கு வேற எடம் பாத்துக்கிறோம்.”

தாயம்மா எந்தத் தேர்தலிலும் ஓட்டுப் போடத் தவறாதவள். கட்சி பேதம் பாராமல் எல்லாரிடமும் குக்கர் வாங்கியவள். ஆகவே தனக்கு உரிமை உண்டு என்ற தைரியத்தில் வார்டு ஆபீசுக்குப் போய் எஞ்சினியர் பாலகுமார் முன்னால் நின்றாள்.

“இன்னா சார், எத்தினி வாட்டி வர்றது?”

“ஏனம்மா, இது ஜனநாயகம். எஸ்டிமேட் போடணும், டெண்டர் விடணும், அப்ரூவல் வரணும். அவசரப்பட்டா ஆகல்லா,” என்றார் அவர், கன்னடம் கலந்த தமிழில்.

“பக்கத்துத் தெருவுல ஒரே ராத்திரியில போட்டீங்களே?”

“அங்க மந்திரி வந்தார்.”

“எங்க தெருவுக்கு வரமாட்டாரா?”

“இந்த ரோட்டுல எப்படிம்மா வருவார்? ரோடு நல்லா இருந்தாத்தான் வருவார்.”

இந்த விளக்கத்தில் தாயம்மாவால் ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து தம்பி பீட்டரிடம் கொட்டித் தீர்த்தாள்.

“ஆக, நம்மகிட்ட மந்திரி இல்ல. அதானேக்கா குறை?” என்றான் பீட்டர். “ஒருத்தரைப் பண்ணிக்கலாம்.”

எதிர்வீட்டு டெரிக் பெயின்ட் அடிக்கிறவர். சர்ச்சில் போடும் புனித வாரத்து நாடகத்தில் வருஷா வருஷம் பிலாத்து வேஷம் கட்டுவார். எதிரே நிற்பவர் மேல் குற்றமில்லை என்று தெரிந்தே தீர்ப்பெழுதிவிட்டுக் கை கழுவுகிற பாத்திரம். மந்திரி பதவிக்கு இதைவிட நல்ல முன்னனுபவம் கிடைக்காது என்று தெரு ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியும் வாடகை இன்னோவாவும் ஏற்பாடாயின. பீட்டர் எஞ்சினியருக்குப் போன் போட்டு, “சனிக்கிழமை மினிஸ்டர் விசிட்” என்றான். எந்த மினிஸ்டர் என்று கேட்பது மரியாதைக் குறைவு என்பதால் பாலகுமார் கேட்கவில்லை.

அன்றிரவே லாரிகள் வந்தன. விடியும்போது சாக்கடை மூடியிருந்தது, அதன் மேல் ரோடு கன்னங்கரேலென்று கிடந்தது. தாயம்மா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அதில் நடந்து பார்த்தாள். அழுகை வந்துவிட்டது.

சனிக்கிழமை டெரிக் காரிலிருந்து இறங்கிக் கும்பிட்டுவிட்டுப் போய்விட வேண்டும், அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அவர் கும்பிட்டதுமே பக்கத்து வீட்டு லட்சுமம்மா கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடிவந்தாள். சுவரில் பெயின்டைத் திட்டுத் திட்டாக அடித்துவிட்டார் என்று முந்தின நாள்தான் அதே டெரிக்கை வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தாள்.

“ஐயா, எனக்கு பென்ஷன் வரலீங்கய்யா!”

“அடியே, டெரிக்குடீ அது,” என்று தாயம்மா அவள் காதைக் கடித்தாள்.

“தெரியும். ஆனா கார்ல இல்ல வந்திருக்காரு?”

“ஆவன செய்யப்படும்,” என்றார் டெரிக். லட்சுமம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அசல் மந்திரிகள் யாரும் அவளுக்கு இந்த அளவுக்குக்கூடப் பதில் சொன்னதில்லை.

அதன் பிறகு டெரிக் வெள்ளைச் சட்டையைக் கழற்றவில்லை. பெயின்ட் பிரஷ்ஷைத் தொடவுமில்லை. பீட்டர் மந்திரியின் பி.ஏ. ஆனான். எதிர்வீட்டு டெரிக்கைப் பார்க்க வேண்டுமென்றாலும் முதலில் பீட்டரைத்தான் பார்க்க வேண்டும், வெறுங்கையோடு பார்க்கக் கூடாது. தெருவில் ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை.

“குடுத்தா குடுத்துட்டுப் போறோம். நம்ம காசு நம்ம தெருவுலயே இல்ல இருக்குது?” என்றாள் லட்சுமம்மா.

மோனிகாவின் கல்யாணத்துக்கு மாண்புமிகு டெரிக் தலைமை தாங்குவதென்று முடிவாயிற்று. தலைவர் என்றால் ஜே.சி.பி.யில் ஆப்பிள் மாலை தூக்கிப் போடுவதுதான் இப்போது ஊர் வழக்கம். ரோஜா மாலை போதும் என்று மோனிகா சொல்லிப் பார்த்தாள்.

“எம்மாம் பெரிய மனுஷன் வர்றாரு! ரோஜா போட்டா நாலு பேர் என்னைக் காறித் துப்ப மாட்டாங்க?” என்று சீறினாள் தாயம்மா. மகளின் வளையலுக்கு வைத்திருந்த பணம் ஆப்பிளாக மாறியது.

கல்யாணக் காலையில் மாப்பிள்ளை வீட்டு வேன் பெண்ணை அழைத்துப் போக வந்தது. பீட்டர் அதைத் தெருமுனையிலேயே மறித்தான்.

“மந்திரி வந்து மாலை வாங்கற வரைக்கும் வண்டி உள்ள வுடக் கூடாது. புரோட்டோகால்.”

சம்பந்தியம்மா வெயிலில் இறங்கி நின்றார். மந்திரி எதிர்வீட்டிலிருந்து வந்து சேர இரண்டு மணி நேரம் ஆயிற்று. தாயம்மாவுக்கு அதில் வருத்தமில்லை, பெருமையாகத்தான் இருந்தது. உடனே வந்துவிடுகிற மந்திரியை யார் மதிப்பார்கள்?

ஜே.சி.பி. உறுமிக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தது. மாலை மேலே எழுந்தது. டெரிக் அதற்கடியில் நின்று கும்பிட்டார். அப்போது தோசைக் கனத்துக்குப் போட்டிருந்த தார் பொத்தென்று உள்வாங்கியது. ஜே.சி.பி. முன்சக்கரம் வரை புதைந்தது, மூடிய சாக்கடை பீறிட்டு மந்திரியை முழுக்காட்டியது. மாலை அறுந்து ஆப்பிள்கள் நாலாபக்கமும் உருண்டன. தெரு மொத்தமும் அவற்றின் மேல் பாய்ந்தது.

சத்தம் கேட்டு பாலகுமார் ஓடிவந்தார். “ரோடு மறுபடி போடணும்னா மந்திரி மறுபடி வரணும். இந்த ரோட்டுல எப்படி வருவார்?” என்று நியாயமாகக் கேட்டார்.

வாசற்படியில் கல்யாண கவுனோடு நின்றிருந்த மோனிகா தெருமுனையைக் காட்டினாள். “அம்மா, வேன் திரும்பிப் போவுதும்மா.”

தாயம்மா நிமிர்ந்து பார்த்தாள். வேன் போய்விட்டது.

“எந்தப் பாவி பண்ண வேலைடா இது?” என்று கத்தினாள். கத்தியதோடு, ஆளைக் காட்டக் கையை நீட்டவும் பார்த்தாள். முடியவில்லை. இரண்டு கையாலும் முந்தானையைப் பிடித்திருந்தாள், அது நிறைய ஆப்பிள் இருந்தது.