நைஸ்னா என்ன அர்த்தம், மாப்பிள்ளை?

மாமியார் அனுப்பிய பார்சலுக்கு “நைஸ்” என்று ஒற்றை வார்த்தையில் பதில் போட்டது தப்பு என்று, கைபேசி அலறியபோதுதான் லிஃப்ட் மெக்கானிக்குப் புரிந்தது. பார்சலில் வந்த புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் அப்போதுதான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘என் கையால செஞ்சது ஒண்ணு வரும்’ என்று மாமியார் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாரே!

மாமியார் ஓய்வுபெற்ற இங்கிலீஷ் டீச்சர். குரல் இன்னும் ஓய்வு பெறவில்லை.

“நைஸ்னு போட்டிருக்கீங்களே மாப்பிள்ளை, எந்த அர்த்தத்துல?”

“நல்லா இருக்குன்னுதான், அத்தை.”

“அது லத்தீன்லேருந்து வந்த வார்த்தை. ஒண்ணும் தெரியாதவன்னு அர்த்தம். அந்தக் கால இங்கிலீஷ்ல முட்டாளைத்தான் நைஸ்னு சொல்வாங்க.”

மெக்கானிக்குக்கு வியர்த்தது. இங்கிலீஷே வேண்டாம், தமிழுக்குத் தாவிவிடலாம் என்று முடிவு செய்தார்.

“ஐயோ, நான் சொன்னது தமிழ் நைஸ் அத்தை! மரத்தை நைசா இழைக்கறாங்களே, அது மாதிரி. மேல தடவினா வழவழன்னு இருக்கு.”

“வழவழன்னா? அதை வேற குத்திக்காட்டணுமா?”

“பாராட்டத்தான் அத்தை...”

“என்னை நைஸ் பண்றீங்களா?”

இனி உண்மைதான் காப்பாற்றும் என்று தோன்றியது.

“சரி, மனசுல பட்டதைச் சொல்லிடறேன். வயித்துப் பக்கம் தொளதொளன்னு இருக்கு. கழுத்து சரியில்லை. கையும் ரொம்ப நீளம். ரெண்டு கையையும் பாதியா வெட்டிட்டா பிரமாதமா இருக்கும்.”

மறுமுனையில் ஏதோ விழுந்து உருண்டது.

“வெட்டுவீங்களா?”

“நானே வெட்டிடுவேன், வீட்டுல கத்தரி இருக்கு!”

கடைசி நம்பிக்கையோடு மாமியார் கேட்டார்: “எங்க மாட்டறதா இருக்கீங்க?”

“தினமும் வேலைக்கு மாட்டிக்கிட்டுப் போவேன், அத்தை. கிரீஸ் பட்டா என்ன? சோப்புத் தண்ணியில முக்கி, நாலு அடி அடிச்சுக் காயப்போட்டா பளிச்னு ஆயிடும்.”

மாமியார் விம்மினார். “எல்லாத்தையும் உங்க மாமா பக்கத்துல உக்காந்து, வழுக்கையைத் தடவிக்கிட்டே கேட்டுக்கிட்டுத்தான் இருக்கார்.”

இணைப்பு துண்டிக்கப்பட்டது. ஒரு சட்டைக்கு இவ்வளவு அழுகையா? மெக்கானிக் நொந்துபோய் நின்றபோது அழைப்புமணி அடித்தது. தட்டையான பெரிய பார்சலோடு கூரியர்காரர் வாசலில் நெளிந்தார்.

“மன்னிச்சுக்குங்க சார், காலையில மாடி வீட்டுக்காரர் சட்டையை உங்ககிட்ட கொடுத்துட்டேன். உங்களுது இதுதான், மேலயே எழுதியிருக்கு: ‘நானே வரைந்த உங்கள் மாமாவின் படம், மடக்க வேண்டாம்.’”