மொனிட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடியவன்

எனக்குப் பாம்பென்றால் பயமில்லை. இடியென்றால் பயமில்லை. யுத்த காலத்தில் நாலு சோதனைச் சாவடி தாண்டிச் சைக்கிளில் டியூசனுக்குப் போய் வந்தவன் நான். ஆனால் ஒரு கொம்பியூட்டரை அழித்துவிட்டு அதற்குப் புதிதாகச் சிஸ்டம் போடவேண்டும் என்று யாராவது சொன்னால் போதும், சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவேன். (மனைவிக்குப் பயமா என்று கேட்காதீர்கள். இதை அவள் வாசிப்பாள்.)

எங்கள் வீட்டு மூலையில் ஒரு கிழட்டுக் கொம்பியூட்டர் இருக்கிறது. போட்டால் எழும்பி வரவே இருபது நிமிடம் செல்லும். "புதுசா சிஸ்டம் போட்டா நல்லா ஓடும் அப்பா" என்று மகள் கிழமைக்கு ஒரு தடவை சொல்கிறாள். நானும் "பாப்பம்" என்கிறேன். அந்தப் பாப்பத்துக்கு என் மகளைவிட வயது கூட.

கதை சுனாமியில் கடல் வந்துபோன அடுத்த வருடம் நடந்தது. ஆரையம்பதி மெயின் ரோட்டில் என் மாமா போன் பேசவும் கடிதம் அடிக்கவும் ஒரு கொமினிகேசன் கடை வைத்திருந்தார். கடையில் இரண்டு கொம்பியூட்டர். பெரியது வீடியோ கெசட்டைச் சீடியாக மாற்ற. சின்னது கடிதமும் கல்வெட்டும் அடிக்க. (கல்வெட்டு என்பது எங்கள் பக்கத்தில் செத்தவருடைய முப்பத்தோராம் நாளுக்கு அச்சடித்துக் கொடுக்கும் சின்னப் புத்தகம்.) அந்த வருடம் கல்வெட்டு அடித்து அடித்தே சின்ன மெஷினின் விசைப்பலகையில் எழுத்துகள் தேய்ந்துபோயின. அதில் மாமாவின் மகள் வசந்தி இருந்தாள். பெரியதில் நான். மூன்று மாதம் கோர்ஸ் படித்துவிட்டு, சட்டைப் பையில் ஸ்குரூட்ரைவர் செருகிக்கொண்டு, ஊரிலுள்ள எல்லா மெஷினுக்கும் நானே வைத்தியன் என்று திரிந்த காலம்.

அப்போதுதான் தவராசா அண்ணன் கடைக்கு வந்தார். வாவியில் இறால் பிடிப்பவர். கடல் வந்த அன்று விடியற்காலையில், நித்திரையாயிருந்த மனைவியை எழுப்பாமல் வலையை எடுத்துக்கொண்டு வாவிக்குப் போனதால் அவர் தப்பினார். கடலோரத்தில் இருந்த வீடும் மனைவி பூமணி அக்காவும் போய்விட்டார்கள். அக்காவின் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

சுவிஸில் இருந்த அவருடைய தங்கச்சி ஒரு பழைய வீடியோ கெசட் அனுப்பியிருந்தார். யாரோ ஒரு பிள்ளை பெரியவளானதற்குச் செய்த சாமத்திய வீடு. மூன்று மணித்தியாலப் படத்தில் பூமணி அக்கா வருவது நாற்பது விநாடிதான். கையில் ஒரு தட்டத்தோடு படலையடிக்கு வருகிறார். கமெரா வெளிச்சம் கண்ணில் பட்டதும் சீலைத் தலைப்பால் முகத்தை மூடிச் சிரிக்கிறார். பிறகு திரும்பி, "அப்ப நான் போயிற்று வாறன் என்ன" என்கிறார். அவ்வளவுதான்.

நான் அதைக் கொம்பியூட்டருக்குள் ஏற்றிக் காட்டியபோது தவராசா அண்ணன் அழவில்லை. கதிரை நுனியில் குந்திக்கொண்டு, "மறுகா ஒருக்காப் போடு தம்பி" என்றார். பதினொரு தடவை போட்டேன். அடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த நாளும். பத்து மணிக்கு மீன் வித்துவிட்டு வந்து, சாரத்தில் கையைத் துடைத்து, திரைக்கு முன்னால் இருப்பார். பெரிய மெஷினை நான் தொட்டால்கூட, "மெல்லப் பிடி மனே, உள்ளுக்கு அவ இரிக்கா" என்பார். வசந்தி முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வாள். எனக்கு முதுகில் யாரோ ஊதுவதுபோல இருக்கும்.

அடுத்த கிழமை, கெசட் ஓடவிடும் எங்கள் டெக் அந்தக் கெசட்டின் நாடாவைச் சப்பித் துப்பிவிட்டது. (முதல் நாள் டெக்கைக் கழற்றித் துடைத்த வைத்தியன் நான்தான்.) சீடி எழுதும் பெட்டியும் அந்த நேரம் பார்த்துப் பழுது. ஆக, பூமணி அக்கா உலகத்திலேயே ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தார். அது என் பொறுப்பிலிருந்த பெரிய மெஷின். அதுவும் ஒரு திங்கட்கிழமை பாதியில் நின்று, திரும்பத் திரும்பத் தானாக அணைந்து எழும்பத் தொடங்கியது.

"சிஸ்டம் அடிபட்டிற்று மாமா. புதுசாப் போட்டா எல்லாம் சரி" என்றேன்.

"அந்த மனிசன்ட படம்?"

"அது வேற பகுதியில கிடக்கு. நான் தொடமாட்டன். எனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வயதில் அந்த வசனம் என் வாயில் வராது.

மாமா பஞ்சாங்கம் பார்த்து நேரம் குறித்துத் தந்தார். மெஷினுக்குத் திருநீறு பூசி, தேங்காய் உடைத்து, சிஸ்டம் சீடியைப் போட்டேன். நீலத் திரை வந்தது. டிஸ்கின் இரண்டு பகுதியும் இரண்டு வரியாகத் தெரிந்தன. இதில் எதை அழிக்க, அழித்தால் திரும்ப வராது, சம்மதமா என்று ஆங்கிலத்தில் கேட்டது. மேல் வரியா கீழ் வரியா என்று நான் விரலை மேலே பிடித்துக்கொண்டு யோசித்தேன்.

அந்த நேரம் ரோட்டில் ஒரு குரல்.

"கடல் வருகுது! ஓடுங்க! கடல் வருகுது!"

அந்த வருடம் எங்களுக்கு இது புதிதில்லை. காற்று பலமாக அடித்தாலும், பெரிய லொறி ஒன்று போனாலும் யாராவது கத்துவார்கள், ஊரே ஓடும். பொய் என்று மூளைக்குத் தெரியும், காலுக்குத் தெரியாது. என் விரல் விசையில் விழுந்தது. எந்த வரி என்று நான் பார்க்கவேயில்லை. தவராசா அண்ணனின் மனைவியை இரண்டாம் தரமும் கடலுக்குக் கொடுக்கக்கூடாது என்ற ஒரே நினைப்பு. கையில் அகப்பட்ட இரண்டு வயரைப் பிடுங்கி, கொம்பியூட்டரைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினேன்.

கொம்பியூட்டரையா தூக்கினேன்? மொனிட்டரை! அந்தக் காலத்து மொனிட்டர், பின்பக்கம் பானைபோலப் பெருத்தது, ஒரு ஆட்டுக் கிடாயின் பாரம். படம் இருந்த பெட்டி மேசைக்குக் கீழே அப்படியே இருந்தது. மூன்று மாதம் கோர்ஸ் படித்த வைத்தியன் கண்ணாடியைக் காப்பாற்றிக்கொண்டு ஓடினான்.

எல்லாரும் ஓடினார்கள். பிள்ளைகளைத் தூக்கியவர்கள், ஆட்டை இழுத்தவர்கள், சோற்றுப் பானையோடு ஒரு அம்மா. சோதனைச் சாவடியிலிருந்த ஆமிக்காரரும் எங்களோடு ஓடினார்கள். அன்று யாரும் யாரிடமும் அடையாள அட்டை கேட்கவில்லை. ஆனால் எங்கள் ஊரில் எங்கே ஓடுவது? கிழக்கே கடல், மேற்கே வாவி. கடலுக்குப் பயந்து ஓடினால் வாவிக்கரையில் போய்த்தான் நிற்கவேண்டும்.

நின்றோம். முழங்காலளவு தண்ணீரில், நூற்றுக்கணக்கான பேர், வந்த வழியைப் பார்த்தபடி. ஒரு குழந்தைகூட அழவில்லை. காகம் கத்தவில்லை. வாவி எண்ணெய் ஊற்றினதுபோல அசையாமல் கிடந்தது. பத்தரை மணி வெயிலில் எனக்குக் குளிர்ந்தது. கையிலிருந்த கறுத்தக் கண்ணாடியில் எங்கள் முகங்களும், முகங்களுக்குப் பின்னால் தண்ணீரும் தெரிந்தன. அதற்குமேல் அதைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு தவராசா அண்ணன் வந்தார். மொனிட்டரைக் கண்டதும் நின்றார். வாய் கோணியது.

"தம்பி... அவவத் தூக்கிற்று வந்திரிக்காயா?"

நான் மொனிட்டரை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"நீ நல்லா இரிப்பாய் மனே. தா, உனக்குக் கை நோகும்."

மொனிட்டரை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டார். ஒன்றரை மணித்தியாலம் இறக்கவேயில்லை. "அண்டைக்குச் சொல்லாமத்தான் போனன். எழுப்பினா நித்திர குழம்பும் எண்டு..." என்றார். என்னிடம் சொன்னாரா, தோளிலிருந்ததிடம் சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது.

கடல் வரவில்லை. கடைக்குத் திரும்பினோம். கரண்ட் நிற்கவில்லை. ஊரே ஓடிய பிறகு, ஆளில்லாத கடையில், அந்தப் பெட்டி தனியாக இருந்து தன் பாட்டில் அழித்துக்கொண்டிருந்திருக்கிறது. மொனிட்டரைப் பூட்டிப் பார்த்தேன். வேலை முடிந்துவிட்டது என்று மரியாதையாக அறிவித்தது. நான் அழுத்தியது கீழ் வரி, படம் கிடந்த வரி.

உண்மையைச் சொல்லியிருக்கவேண்டும். நானோ, "மெஷினுக்குக் களைப்பு அண்ணன், கொஞ்ச நாள் ஆறட்டும்" என்றேன். (இன்றும் நினைத்தால் என் கன்னத்தில் நானே அறையலாம்போல இருக்கிறது.) அவர் சரி என்றார். சரி என்றுவிட்டு, வழக்கம்போலப் பத்து மணிக்கு வந்து, அணைந்து கிடந்த மொனிட்டருக்கு முன்னால் இருந்தார்.

"பரவாயில்ல. உள்ளுக்குத்தானே இரிக்கா."

எட்டு நாள் இப்படி. கறுத்தத் திரையைப் பார்த்து, இன்றைக்கு இறால் குறைவு, தங்கச்சி கடிதம் போட்டவள் என்று மெல்லிய குரலில் கதைப்பார். நடுவில் நிறுத்தி, காது கொடுத்துக் கேட்பார். தலையாட்டுவார். நான் பக்கத்தில் இருந்து பழுதில்லாத மவுசைக் கழற்றிக் கழற்றிப் பூட்டுவேன்.

ஒன்பதாம் நாள் தவராசா அண்ணன் வரவில்லை. உச்சி நேரம் சாப்பாட்டுக்குக் கடையைச் சாத்தப் போனோம். மாமா முன்பே போய்விட்டார். வசந்தி வெளியே கதவடியில் நின்றாள். நான் சின்ன மெஷினை நிறுத்தினேன். அது வழக்கம்போல இரண்டு விநாடி மௌனமாக இருந்தது.

"அப்ப நான் போயிற்று வாறன் என்ன."

பூமணி அக்காவின் குரல். என் தோளுக்குப் பின்னால். அதே சிரிப்போடு.

திரை அணைந்தது. நான் என்ன செய்தேன் என்பது எனக்கு நினைவில்லை, வசந்திக்குத்தான் நினைவிருக்கிறது. நான் மேசைக்குக் கீழே புகுந்து, "நான் வேணுமெண்டு செய்யல்ல அக்கா, கடல் வருகுது எண்டு கத்தினவங்க அக்கா, மேல் வரி எண்டுதான் நினைச்சன்" என்று கும்பிட்டேனாம். எட்டு நாள் ஒளித்த அவ்வளவையும் ஒரு தடுக்கலில்லாமல் ஒப்புவித்தேனாம்.

"வெளிய வாங்க மச்சான்" என்றாள் வசந்தி. அவள் சிரிக்கவில்லை. "அது நான் வச்சது."

மெஷின் நிற்கும்போது ஒரு மணிச் சத்தம் வரும், அந்த இடத்தில் நமக்கு விருப்பமான சத்தத்தை வைக்கலாம் என்று அவளுக்குக் காட்டிக்கொடுத்த கெட்டிக்காரனும் நான்தான். பெரிய மெஷின் நல்லாயிருந்த நாளில், அந்தக் குரலை மட்டும் வெட்டி ஒரு பிளொப்பியில் கொண்டுவந்து தன் மெஷினில் வைத்திருக்கிறாள்.

"ஏன்கா அப்பிடிச் செய்தாய்?" (கா என்பது எங்கள் பக்கத்தில் பெண்களை நெருக்கமாக விளிக்கும் சொல்.)

"நாள் முழுக்க செத்தவங்கட பேரத்தான் அடிக்கிறன். போகக்குள்ள ஒரு ஆளாவது சிரிச்சுச் சொல்லிற்றுப் போனா நல்லம் எண்டு." ஸ்பீக்கர் வயரை மாமா ஏசுவார் என்று கழற்றி வைத்திருந்தாளாம். "இண்டைக்குத்தான் பூட்டினன். நீங்களா அவரிட்ட சொல்லமாட்டீங்க எண்டு தெரியும்."

பின்னேரமே தவராசா அண்ணனைக் கூட்டிவந்தோம். நான் நின்றபடி சொன்னேன். "படம் இல்ல அண்ணன். நான்தான் அழிச்சன்."

அணைந்து கிடந்த மொனிட்டரைப் பார்த்தார். பிறகு, "அப்ப அண்டைக்கு நீ தூக்கிற்று ஓடினது?"

"வெறும் கண்ணாடிப் பெட்டி."

"அந்த வெறும் பெட்டியையா நான் ஒண்டர மணித்தியாலம் தோளில வச்சிருந்தன்!"

அவருடைய வயிறு குலுங்கியது. முதலில் அழுகிறார் என்றுதான் நினைத்தேன். சிரித்தார். கடல் வந்த பிறகு அவர் சிரித்ததை ஆரும் கண்டதில்லை. சிரிப்பு அழுகையாக மாறி, வசந்தி தண்ணீர் கொடுத்தாள். பிறகு அவள் சின்ன மெஷினைப் போட்டு, நிறுத்தினாள். குரல் வந்தது. தவராசா அண்ணன் எழும்பி நின்றார். திரை அணையும் மட்டும் பார்த்திருந்து, "சரிகா, போயிற்று வா" என்றார்.

பிறகு யுத்தம் முடிந்தது. பாதை திறந்து புது மெஷின்கள் வந்தன. பழையதை அழித்து ஆருக்காவது கொடுக்கலாம் என்றார் மாமா. அதற்குள் எனக்கும் வசந்திக்கும் கலியாணம் பேசியாயிற்று. எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண்ணுக்கு வீடு கொடுத்தார்கள். வீட்டோடு அந்தச் சின்ன மெஷினும் சீதனமாக வந்தது. நான் வாய் திறந்து கேட்டு வாங்கிய சீதனம் இது ஒன்றுதான்.

எங்கள் குடும்பத்தில் இன்றும் ஆராவது அவசரத்தில் பிழையான சாமானைத் தூக்கினால், "மொனிட்டரத் தூக்கிற்று ஓடுறாய்" என்பார்கள். மகளின் பள்ளிக்கூடம் வரைக்கும் பரவிவிட்டது. குரலை மகள் அஞ்சு இடத்தில் பிரதி எடுத்து வைத்திருக்கிறாள். தவராசா அண்ணனின் போனிலும் ஏற்றிக் கொடுத்தாள். அவர் அதைப் போட்டுக் கேட்பதேயில்லை. "நினைச்ச நேரம் அமத்தினாச் சொல்றதுக்கு அவ என்ன ரேடியோவா?" என்பார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வருவார். இருபது நிமிடம் பொறுத்து மெஷின் எழும்பும். தேநீர் குடித்து முடிய மகள் அதை நிறுத்துவாள். போன கிழமையும் அவள் சிஸ்டக் கதையை எடுத்தாள். நான் எழும்பி மெஷினுக்குக் குறுக்கே நின்றேன். "விடு பிள்ள, உன்ட அப்பன் மொனிட்டரத் தூக்கிருவான்" என்றார் தவராசா அண்ணன்.

குரல் வந்தது. "சரிகா, போயிற்று வா" என்றார். திரை கறுத்தது. செருப்பைப் போட்டுக்கொண்டவர், வழக்கம்போல ஒரு தடவை திரும்பி அந்தக் கண்ணாடியைப் பார்த்து, "நானும் போயிற்று வாறன்" என்று சொல்லிவிட்டுத்தான் படி இறங்கினார்.