சின்னராசா சீமைக்குப் படிக்கப் போன விதம்

இலங்கை மலைநாட்டில், நோர்வூட்டுக்கு மேலே, கல்பாலத் தேயிலைத் தோட்டத்தில் சின்னராசா என்று ஒரு பட்டதாரி இருந்தார். தொழிலாளர் வரிசை வீடுகளான தோட்டத்து லயத்தில் பட்டதாரி ஒருவர் குடியிருப்பது அந்தக் காலத்தில் சாதாரண விஷயமில்லை. அயல் தோட்டங்களிலிருந்து ஆட்கள் வந்து அவரைப் பார்ப்பார்கள். பேசமாட்டார்கள். பார்த்துவிட்டு, பார்த்தோம் என்ற திருப்தியோடு போய்விடுவார்கள்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அவர் படித்தது மண்ணைப் பற்றி. மண்ணைப் பற்றிப் படிக்க என்ன இருக்கிறது என்று லயத்தில் ஒருவருக்கும் விளங்கவில்லை. என்றாலும் அட்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை கிடைத்துவிட்டதால் படிப்பில் ஏதோ இருக்கத்தான் வேண்டும் என்று ஒப்புக்கொண்டார்கள்.

இப்படி இருக்கையில், இங்கிலாந்தின் வடக்கே ஒரு பல்கலைக்கழகம் சின்னராசாவுக்கு மேற்படிப்புக்கான புலமைப்பரிசில் வழங்கியது. மலைச்சரிவு மண் மழையில் ஏன் கரைகிறது என்று அவர் எழுதிய கட்டுரை அங்கே யாருக்கோ பிடித்துப்போயிருந்தது. கப்பல் செலவு அவர்களுடையது. அறை அவர்களுடையது. சாப்பாடு, புத்தகம், குளிருக்கு உடுப்பு, காய்ச்சல் வந்தால் டாக்டர், எல்லாம் அவர்களுடையது. "நீங்க கொண்டுபோக வேண்டியது உங்க தலை ஒன்னுதான்" என்று தோட்டத்துப் பெரிய கிளாக்கர் விளக்கினார். நாடு ஒன்றும் கொண்டுபோக வேண்டியிருக்கும் என்பது கிளாக்கர் உட்பட ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்த மாதம் நோர்வூட் பக்கம் சீமைக் காய்ச்சல் பரவியது. கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த சரிபுதீன் முதலாளியிடம் வெகுகாலமாக விலைபோகாத கம்பளிக் கோட்டுகள் இருந்தன. "சின்னராசா மாஸ்டர் கப்பலுக்குப் போடப்போறது இதுதான்" என்று ஒரு வார்த்தை சொன்னார். கோட்டுகள் தீர்ந்துவிட்டன. வாலிபர்கள் கோட்டோடு மலை ஏறினார்கள், கோட்டோடு வேர்த்தார்கள், கோட்டோடு தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டினார்கள். கண்டிக்கு அப்பால் போயிராத பெரிய கிளாக்கர், லண்டனில் ரொட்டியைக் கையால் தொட்டால் பொலிஸ் பிடித்துக்கொண்டு போகும் என்று எச்சரித்து, சின்னராசாவுக்கு முள்ளுக்கரண்டிப் பயிற்சி அளித்தார்.

தொழிற்சங்கத்தின் தலைவர் நல்லமுத்து சும்மா இருக்கக்கூடியவர் அல்ல. தோட்டத்தில் ஒரு பிரியாவிடை, நோர்வூட்டில் ஒரு பிரியாவிடை, அட்டனில் ஒரு மாபெரும் பிரியாவிடை என்று ஏற்பாடு செய்துவிட்டார். "எமது சமூகத்தின் விடிவெள்ளி விலகிச் செல்கிறது" என்று பேசி, தானே கண் கலங்கினார். பள்ளிக்கூடத்திலும் மாலை போட்டார்கள். மாலை வாடுவதற்குள் அவர் இடத்துக்கு வேறு வாத்தியாரையும் போட்டார்கள்.

இவ்வாறு முறைப்படி வழியனுப்பப்பட்ட பிறகு, சின்னராசா பாஸ்போட் எடுக்கக் கொழும்புக்குப் போனார்.

அங்கே இருந்த அதிகாரி மிகவும் மரியாதை தெரிந்தவர். உட்காரச் சொல்லிவிட்டுத்தான் மறுத்தார்.

"எந்த நாடு?" என்று கேட்டார்.

"இந்த நாடுதாங்க ஐயா. இங்கதான் பொறந்தேன்."

"பிறப்பது நல்ல விஷயம். ஆனால் அது மட்டும் போதாது. உங்கள் தகப்பனாரும் இங்கே பிறந்திருக்க வேண்டும்."

"அவரும் பொறந்தாருங்க. உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்துல."

"ஆதாரத்தோடு பிறந்தாரா?"

சின்னராசாவின் அப்பா செல்லசாமி இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. பிறந்தபோது ஆதாரம் வைத்திருந்தாரா என்று அவரிடம் யாரும் கேட்டு வைக்கவில்லை. சின்னராசா உடப்புசல்லாவைக்குப் போய் அந்தத் தோட்டத்துக் கந்தோரில் விசாரித்தார். அப்பா பிறந்த வருஷத்துத் தேயிலைக் கொழுந்துக் கணக்கு இருந்தது. மழைக் கணக்கு இருந்தது. அப்போதைய துரையின் லாயத்தில் பிறந்த ஒரு குதிரைக்குட்டியின் தாய் யார், தகப்பன் யார், பாட்டன் எந்தப் பந்தயத்தில் ஜெயித்தது என்பதெல்லாம் அழகான கையெழுத்தில் இருந்தது. செல்லசாமி இல்லை.

கொழும்புக்குத் திரும்பிப் போய் இதைச் சொன்னார். அதிகாரி உண்மையாகவே வருத்தப்பட்டார். அந்தக் குதிரை வந்து கேட்டிருந்தால் தாம் ஒரு நிமிஷம்கூடத் தாமதித்திருக்கப்போவதில்லை என்றார். பாட்டனார் இந்தியாவிலிருந்து வந்திருப்பதால், அந்த நாட்டைக் கேட்டுப் பார்ப்பதே உசிதம் என்று யோசனையும் சொன்னார்.

கண்டியில் இந்தியாவுக்கான கந்தோர் ஒன்று இருந்தது. அங்கே இருந்தவர் திருச்சிக்காரர். தாத்தா துறையூர்ப் பக்கம் என்று சின்னராசா சொன்னதும், நாற்காலியை விட்டு எழுந்து வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். துறையூர்ப் பக்கமென்றால் தமக்குச் சொந்தக்காரராகவே இருக்கக்கூடும் என்றார். காப்பி வரவழைத்தார். எந்தக் கிராமம் என்று கேட்டார். பக்கம் என்று மட்டும்தான் தெரியும் என்றார் சின்னராசா. பக்கம் என்பது ஊர் ஆகாதே என்று அவர் தலையைச் சொறிந்தார். மேலும், இலங்கையில் பிறந்து, இலங்கையில் பிறந்த தகப்பனுக்கு மகனான ஒருவரை இந்தியா எப்படித் தன்னவர் என்று சொல்லிக்கொள்ள முடியும், அது அயல் நாட்டுக்குச் செய்யும் துரோகமல்லவா என்றும் கேட்டார். கேட்டது நியாயமாகத்தான் பட்டது. சின்னராசா காப்பியைக் குடித்துவிட்டு வந்தார்.

இனி எங்கே போவது என்பதுதான் சிக்கல். வாத்தியார் வேலை போய்விட்டது. லயத்துக்குப் போகலாமென்றால் நல்லமுத்து தலைவர் விடவில்லை. மூன்று தடவை வழியனுப்பப்பட்ட ஒருவர் மூட்டையோடு திரும்பி வருவது சங்கத்தின் கௌரவத்துக்கு இழுக்கு என்றார். சின்னராசா கப்பல் ஏறிய செய்தி சங்கக் கூட்டத்தில் ஏகமனதாக வரவேற்கப்பட்டு ஆகிவிட்டது, ஆகவே அவர் போய்விட்டார் என்பதே சங்கத்தின் நிலைப்பாடு என்றும் சொன்னார்.

கடைசியில் சரிபுதீன் முதலாளிதான் கடைக்குப் பின்னால் இருந்த சாமான் அறையை ஒழித்துக் கொடுத்தார். "துணிக்கட்டுக்கு நடுவுல படுங்க மாஸ்டர். சீமையைவிடச் சூடா இருக்கும்" என்றார். சின்னராசா அங்கே ஒளிந்திருந்து, சீமையில் படிக்க வேண்டிய புத்தகங்களைப் படித்தார். கடைக்கு வந்தவர்கள் அவரைப் பற்றியே பேசுவது தட்டிக்குப் பின்னால் அவருக்குக் கேட்கும். அவர் வெள்ளைக்காரர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதாக ஒருநாள் கேட்டது. ராணியோடு தேத்தண்ணி குடித்ததாக இன்னொரு நாள் கேட்டது. தன்னுடைய முன்னேற்றத்தைக் கேட்டு அவருக்கே சில சமயம் உற்சாகமாக இருந்தது. மற்ற நேரங்களில் துணிக்கட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடப்பார். படிப்புத் தொடங்க வேண்டிய காலம் தாண்டிவிட்டது. அடுத்த வருஷம்வரை இடம் காத்திருக்கும், அதற்குமேல் இல்லை என்று பல்கலைக்கழகம் எழுதியிருந்தது.

அவர் அம்மா வேலாயி கொழுந்து எடுப்பவள். ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்கும் சாக்கில் ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு வருவாள். மலையில் பெண்கள் மகன் எப்படி இருக்கிறார் என்று கேட்கும்போது, நல்லா இருக்காராம், கொஞ்சம் குளிராம் என்று சொல்வாளாம். அதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை.

கொழும்பில் நடந்ததையெல்லாம் மகன் ஒருநாள் ஒன்றுவிடாமல் சொன்னார். வேலாயி கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்பாவுக்கு ஆதாரம் இல்லை என்ற இடம் வந்ததும் ரொட்டியைக் கீழே வைத்தாள்.

"உங்கப்பா பொறக்கவே இல்லைன்னா, நான் யாருக்கப்பா கழுத்த நீட்டுனேன்? வேலைக்குப் போறதுக்கு முந்தி பெரட்டுல தெனமும் பேர் கூப்புட்டானே, அது யாரு? எஸ்டேட்டு செலவுல பொதைச்சாங்களே, அது யாரு? இத அந்த ஐயாகிட்ட கேட்டுட்டு வா."

சின்னராசா அடுத்த வாரமே போய்க் கேட்டார். அதிகாரி கவனமாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். திருமணம், மரணம் ஆகியன வேறு திணைக்களத்தைச் சேர்ந்தவை என்றார். ஆனால் அந்தக் கேள்வி அவரை என்னவோ செய்திருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, ஒரு வழி இருக்கிறது என்றார். எந்த நாட்டுக்கும் உரியவரல்லாத ஒருவருக்கு, அப்படி உரியவரல்லர் என்று சொல்லும் ஒரு பத்திரம் கொடுக்கலாம். அதை வைத்துக்கொண்டு கப்பல் ஏறலாம். ஆனால் எந்த நாடும் இல்லை என்பதை விண்ணப்பதாரர் நிரூபிக்க வேண்டும்.

"இல்லாதத எப்படிங்க ஐயா நிரூபிக்கிறது?"

"இருந்தால் நிரூபிக்க வேண்டிய அவசியமே வந்திருக்காதே" என்றார் அதிகாரி.

அதற்குப் பிறகு மழைக்காலம் ஒன்று வந்து போனது. சின்னராசா தங்களவர் என்று சொல்ல இரு நாடுகளும் எவ்வளவு தயங்கினவோ, தங்களவர் இல்லை என்று எழுதிக் கொடுக்கவும் அவ்வளவு தயங்கின. கண்டிக்காரர் ஒவ்வொரு தடவையும் காப்பி கொடுத்தார். இறுதியில் இரண்டு கந்தோர்களும் ஒரே வாரத்தில், மேற்படியார் எம்மவரல்லர் என்பதை மகிழ்ச்சியுடன் அறியத்தந்தன. சிவப்பு முத்திரை குத்திய பத்திரம் கைக்கு வந்தது.

அட்டன் ஸ்டேசனில் அவரை வழியனுப்ப வேலாயியும் சரிபுதீன் முதலாளியும் மட்டுமே வந்தார்கள். ஏற்கெனவே போய்விட்டவரை மறுபடி வழியனுப்பச் சங்கத்தின் யாப்பு விதிகளில் இடமில்லை. ரயில் நகரும்போது வேலாயி ஜன்னலுக்குள் கையை விட்டு மகனின் கோட்டுப் பொத்தானை மாட்டிவிட்டாள்.

சீமையில் அவரிடம் தாத்தாவைப் பற்றி ஒருவரும் விசாரிக்கவில்லை. மண்ணைப் பற்றித்தான் கேட்டார்கள். தனக்குத் தெரிந்ததைக் கேட்கிறார்களே என்று அவருக்கு முதல் கொஞ்ச நாள் நம்பிக்கை வரவில்லை. நன்றாகப் படித்தார். பட்டமும் வாங்கினார். பேராசிரியர் அங்கேயே இருக்கச் சொன்னார். ஆனால் மலைநாட்டுப் பூண்டுலோயாச் சரிவில் கரையும் மண்ணுக்கு அங்கே இருந்துகொண்டு என்ன செய்ய முடியும் என்று ஊருக்குக் கப்பல் ஏறிவிட்டார்.

கொழும்புத் துறைமுகத்தில் நிறுத்திவிட்டார்கள். பத்திரத்தில் போகலாம் என்று இருந்தது, வரலாம் என்று இல்லை. அந்தப் பழைய அதிகாரியைக் கூப்பிட்டார்கள். அவர் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொண்டு, இந்நாட்டவரல்லாதவர் இந்நாட்டுக்குத் திரும்பி வருவது சொல்லளவிலேயே பிழை என்றார். புதிதாக வேண்டுமானால் வரலாம். அதற்கு ஒரு காரணம் வேண்டும். வாத்தியார் வேலை, கிளாக்கர் வேலையெல்லாம் இந்நாட்டவருக்கே உரியன.

திடீரென்று அதிகாரியின் முகம் மலர்ந்தது. மலைநாட்டு மண்ணரிப்பைத் தடுக்க ஒரு வெளிநாட்டு நிபுணர் வேண்டுமென்று ஒரு திணைக்களம் வருஷக்கணக்காக அலைந்துகொண்டிருந்தது. வந்த வெள்ளைக்காரர்கள் அட்டைக்கடிக்குப் பயந்து ஓடிவிட்டார்கள். நிபந்தனைகள் இரண்டுதான்: வெளிநாட்டுப் பட்டம் பெற்றிருத்தல், இந்நாட்டவராக இல்லாதிருத்தல்.

"இரண்டாவது நிபந்தனையை உங்களைப் போல் ஐயமற நிரூபித்தவர் இந்தத் தீவிலேயே இல்லை" என்று அதிகாரி கையைப் பிடித்துக் குலுக்கினார்.

சின்னராசாவுக்கு நுவரெலியாவில் பங்களா கொடுத்தார்கள். ஜீப் கொடுத்தார்கள். வருஷத்துக்கு ஒருமுறை, தொடர்ந்து அந்நியராகவே இருந்து வருகிறார் என்று உறுதிப்படுத்திக்கொண்டு, நாட்டில் தங்க அனுமதி கொடுத்தார்கள். நல்லமுத்து தலைவர் மாபெரும் வரவேற்பு வைத்து, மொழிபெயர்க்க ஆளும் வைத்திருந்தார். சின்னராசா தமிழிலேயே பேசிவிட்டார். வெளிநாட்டு நிபுணர் நம் பாஷையை என்ன சுத்தமாகப் பேசுகிறார் என்று, அவரைத் தூக்கி வளர்த்தவர்களே கைதட்டினார்கள்.

அம்மாவைத் தன்னோடு வைத்துக்கொள்வதில் ஒரு சங்கடம் இருந்தது. நிபுணரின் குடும்பத்தார் என்றால் அவர்களும் வெளிநாட்டிலிருந்து வந்திருக்க வேண்டும். உள்ளூரில் வசிப்பவர்களைப் பணியாளர்களாக மட்டுமே வைத்துக்கொள்ளலாம். ஆகவே வேலாயி சமையல்காரி என்று பதியப்பட்டாள். மகனுக்குச் சோறாக்க அரசாங்கம் சம்பளம் தருகிறது என்பதை அவளால் கடைசிவரை நம்ப முடியவில்லை. சின்னராசா அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்ட அன்று மட்டும் சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

அடுத்த வருஷம் பனிக்காலத்தில் அந்தக் கொழும்பு அதிகாரி பங்களாவுக்கு வந்தார். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, உட்காரச் சொல்லும்வரை நின்றார். அவருடைய மகனும் பேராதனையில் மண்ணைப் பற்றித்தான் படித்தானாம். சின்னராசாவின் திணைக்களத்தில் வேலை தரமாட்டேன் என்கிறார்களாம்.

"என் மகன் துரதிர்ஷ்டவசமாக இந்நாட்டவன்" என்றார் அதிகாரி. "பாட்டன், பூட்டன்வரைக்கும் ஆதாரம் இருக்கிறது. ஒன்றையும் மறைக்க வழியில்லை. நீங்கள் செய்து முடித்தவர். ஒரு வழி சொல்ல வேண்டும்."

"சுலபந்தாங்க ஐயா" என்றார் சின்னராசா. "ரெண்டு தலைமுறைக்குக் கொழுந்து எடுத்தாப் போதும். மிச்சத்த உங்க கந்தோரே பார்த்துக்கும்."

அதிகாரி சிரிக்கவில்லை. சற்று யோசித்தார்.

"எந்தத் தோட்டத்தில் சேர்ந்தால் சீக்கிரம் முடியும்?" என்று கேட்டார்.

சின்னராசாவுக்கு அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வாயைத் திறந்தார். ஆனால் ஒரு வருஷமாக உத்தியோக நாற்காலியில் இருந்து பழகிய வாய் அது. விண்ணப்பத்தை உரிய ஆதாரங்களோடு மூன்று பிரதிகளில் வைத்துவிட்டுப் போகும்படியும், விஷயம் கவனத்தில் எடுக்கப்பட்டு ஆவன செய்யப்படும் என்றும் அது சொல்லியது. அதிகாரி மிகுந்த நிம்மதியோடு, கையோடு கொண்டுவந்திருந்த மூன்று பிரதிகளையும் எடுத்து வைத்தார்.

தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்ற வேலாயி, ஆவன செய்யப்படும் என்று உள்ளே சொன்னது யார் என்று எட்டிப் பார்த்தாள்.