டீச்சர் வீட்டுக் கேமராவும் உடைந்த வளையங்களும்

ஆத்மநாதன் சுத்தியலை ஓங்கியபோது, முதல் காந்த வளையம் ஏற்கெனவே மூன்று துண்டாக மேசைமேல் கிடந்தது.

"நீயாவது ரெண்டா ஒடைஞ்சு தொலை," என்று இரண்டாவது வளையத்திடம் சொன்னார். வீட்டில் பேச வேறு ஆள் கிடையாது. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் பெங்களூரில் இருக்கிறாள்.

அந்த வளையம் கருகிப்போன உளுந்துவடை மாதிரி இருக்கும். அதன் ஓட்டை வழியாக ஒயரை விட்டால், ரேடியோவைக் கெடுக்கும் இரைச்சலை ஒயரிலேயே பிடித்து நிறுத்திவிடும். இந்த ஒயருக்கோ இரண்டு முனையிலும் கொழுத்த பிளக். ஓட்டைக்குள் நுழையாது. வெட்டி ஒட்டலாமென்றால் அது அடுத்த வீட்டு ஒயர். அதனால்தான் வளையத்தை உடைத்து, ஒயரைச் சுற்றி மறுபடி ஒட்டும் இந்தப் பாடு.

இவ்வளவுக்கும் காரணம் வீரய்யா. தினமும் சாயங்காலம் பொன்னமராவதியிலிருந்து, வீட்டிலிருந்தே இருவரும் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோவில் கூப்பிடுவார். நாள் முழுக்க ஆத்மநாதனைப் பேர் சொல்லிக் கூப்பிடும் ஒரே குரல் அதுதான். அந்தக் குரல்மேல் போன மாதத்திலிருந்து கொர்ரென்று ஓர் இரைச்சல் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதுவும் போனால் தனக்கு என்ன இருக்கிறது என்று நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

டிரான்சிஸ்டரைக் கையில் பிடித்துக்கொண்டு கீரனூர்த் தெருவில் இரைச்சலைத் தேடி நடந்தார். எதிர்வீட்டுக்காரர் வழிமறித்து, "தண்ணி பாக்குறீங்களா சார்? எங்க கொல்லையிலயும் போருக்கு ஒரு பாயிண்ட் சொல்லுங்க," என்றார். டிரான்சிஸ்டர் கடைசியில் அடுத்த வீட்டு பிரகதாம்பாள் டீச்சரின் கூடத்தில், கேமராவுக்கு அடியில் போய்க் கத்தியது. குவைத்திலிருக்கும் மகன் மாட்டிவிட்டுப் போன கேமரா. அதற்கு டீச்சர் புதிதாக வாங்கி மாட்டிய அடாப்டர்தான் குற்றவாளி.

"பிளக்கைப் பிடுங்கிட்டா சத்தம் நின்னுரும், டீச்சர்."

"வேணாங்க சார். மகன் அங்கிட்டிருந்து பாத்துக்கிட்டே இருப்பான். கேமரா அணைஞ்சா பதறிப்போயிருவான்."

ஒரு தாயை மகன் பார்ப்பதைத் தன் ரேடியோவுக்காக நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை. வளையத்தை உடைக்கக் கிளம்பினார்.

இரண்டாவது வளையம் சரிபாதியாக உடைந்தது. சட்டையை மாற்றி, தலையைச் சீவிக்கொண்டு போனார். குவைத்திலிருந்து பார்க்கிறார்களே. ஒயரைச் சுற்றி இரண்டு பாதியையும் வைத்துப் பசையை விட்டு அழுத்தினார். வளையம் ஒட்டியது. ஒயர் ஒட்டியது. கட்டைவிரலும் ஒட்டியது.

"கையை ஆட்டாதீங்க சார், கேமரா ஆடுது."

"ஆட்டலைங்க. எடுக்கத்தான் பாக்குறேன்," என்றவர், கேமராவை நிமிர்ந்து பார்த்து, "தம்பி, தப்பா நெனைக்காதீங்க. நான் பக்கத்து வீடு," என்றார்.

டீச்சர் தேங்காயெண்ணெயைக் கொண்டுவந்து விரலில் ஊற்றினார். எண்ணெய் ஊறும் வரை ஆத்மநாதன் இங்கிட்டும் அங்கிட்டும் நகர முடியாமல் உட்கார்ந்திருந்தார். ஒரு கையால் ரவா உப்புமா சாப்பிட்டார். பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்‌ஷன் வந்த அன்று பாம்பு வந்த கதையை டீச்சர் சொல்ல, வயிறு வலிக்கச் சிரித்தார். கடைசியில் விரலும் வந்தது, வளையமும் பிளந்துகொண்டு வந்தது.

மூன்றாவது வளையத்தில் ஒயரைப் பல சுற்றுச் சுற்றினார். ஒயர் குட்டையாகிவிட்டது. கேமராவை இறக்கிப் பக்கத்துச் சுவரில் மாட்ட வேண்டியதாயிற்று. அந்தச் சுவருக்கு அந்தப்பக்கம்தான் ஆத்மநாதனின் ஏரியல். இரைச்சல் இரண்டு மடங்கானது.

"கொறைஞ்சுச்சா சார்?" என்று மறுநாள் டீச்சர் கேட்டார்.

"கூடிருச்சு டீச்சர்."

"அப்படியா? சரி, உக்காருங்க. காப்பி போடுறேன்."

வீரய்யாவிடம் இரைச்சலுக்கு மேல் கத்தித்தான் இதையெல்லாம் சொன்னார். "டீச்சர் இன்னைக்கு என்ன சொன்னாங்க?" என்று அவரும் பதிலுக்குக் கத்தினார்.

நாலாவது வளையத்தில்தான் புத்தி வந்தது. இரண்டு பாதியின் உடைந்த முகங்களுக்கு நடுவே பசை ஏறினால் இடைவெளி விழுகிறது. வளையம் வேலை செய்யாது. பசையே இல்லாமல் முகத்தோடு முகம் சேர்த்து, வெளியே டேப்பால் இறுக்கிக் கட்டினார். கேமராவையும் பழைய இடத்திலேயே மாட்டினார். டிரான்சிஸ்டர் வாயை மூடிக்கொண்டது.

"இனிமே ஒங்களுக்குத் தொந்தரவு இல்லைங்க டீச்சர்."

"சந்தோசம் சார்," என்றார் டீச்சர். அன்று காப்பி வரவில்லை.

சாயங்காலம் வீரய்யாவின் குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் வந்தது.

"சிக்னல் சுத்தமா இருக்கு ஆத்மநாதன் சார். அப்பறம்?"

"மழை இல்ல."

"இங்கிட்டும் இல்ல. டீச்சர் என்ன சொன்னாங்க?"

"இனிமே அங்க என்ன வேலை எனக்கு?"

"அதுவும் சரிதான். நாளைக்குக் கூப்புடுறேன்."

இதற்கா இத்தனை வளையத்தை உடைத்தோம் என்று ஆத்மநாதனுக்கு நெஞ்சு கனத்தது. ரேடியோ சுத்தமாக இருந்தது. வீடும் சுத்தமாக இருந்தது, ஒரு சத்தம் இல்லாமல். அந்த உப்புமாவும் பாம்புக் கதையும் இல்லாமல் சாயங்காலம் நகரவே மாட்டேனென்றது.

அடுத்த நாள் டிரான்சிஸ்டரைப் போட்டுப் பார்த்தார். கொர்ரென்று ஒரு கீறலாவது விழாதா என்று காதை வைத்துக் கேட்டார். ம்ஹூம். கடைசியில், டேப் இளகியிருக்கிறதா என்று பார்த்துவருவது முறைதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, சட்டையை மாற்றித் தலையைச் சீவினார்.

டீச்சர் வீட்டு வாசலில் ஓர் ஏணி சாய்ந்திருந்தது. தெருவுக்கெல்லாம் நெட் இணைப்புக் கொடுக்கும் கோபிநாத், கூடத்திலிருந்து வெளியே வந்தான். அவன் கையில் நாலாவது வளையம், மறுபடி இரண்டு பாதியாக இருந்தது. உள்ளே காப்பி கொதிக்கும் மணம்.

"என்னப்பா, கேமரா படம் தெரியலையா?" என்று பதறினார் ஆத்மநாதன். "குவைத்துல பையன் பயந்திருப்பானே?"

கோபிநாத் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"கேமராவுக்கு நெட்டைக் கழட்டி ஒரு வருசமாச்சு சார், அதுக்கு என்னைய ஒரு நாளும் கூப்புட்டதில்ல. ஒங்க ரேடியோவுல நேத்துலேருந்து அந்தக் கொர்ர் சத்தம் வரமாட்டேங்குதாம், அதச் சரிபண்ணிக் குடுன்னுதான் டீச்சர் வரச்சொன்னாங்க."