இருபத்து மூன்று கிலோவுக்குக் கொசுறு

ஆபா, நைஜீரியா
செவ்வாய் காலை, வீட்டிலிருந்து

அன்புத் தங்கை ஆடாகுவுக்கு அண்ணன் ஒக்வுதிலி எழுதுவது. ஆண்டவர் கருணையில் நானும் உன் அண்ணி குளோரியும் கடைப்பூனையும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நார்வேக் குளிரில் மூக்கொழுகாமல் இருக்க வேண்டிக்கொள்கிறேன். குளோரி இந்தக் கடிதத்தைப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவாள். போனிலேயே பேசலாமே என்பாய். நீ என்னைப் பேச விட்டால்தானே, அதனால்தான் எழுத்து.

என் மகள் சினாசா நேற்று விமானம் ஏறிவிட்டாள், இன்று மாலை பெர்கனில் உன் கையில் வந்து சேருவாள். அவள் பெட்டியில் நியூஸ் பேப்பர் சுற்றி, சணல் கயிறு கட்டிய ஒரு பொட்டலம் இருக்கும். அது ஒக்போரோக்கோ. இருபத்திரண்டு வருஷமாக மூட்டை மூட்டையாக உங்கள் ஊர்க் காய்ந்த மீனை வாங்கி விற்கிறவன், பெற்ற மகளுக்கு இரண்டு கிலோ கட்டிக் கொடுக்க மாட்டேனா? சனிக்கிழமை கடையில் வைத்துத்தான் பெட்டி கட்டினோம். ரேடியோவில் பந்தாட்டம் ஓடிக்கொண்டிருந்தது. மீனைப் பார்த்ததும் சினாசா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, இந்த மீனப் பிடிக்கிறதே அங்கதான். வந்த ஊருக்கே திருப்பி அனுப்புறீங்களே, மீனே சிரிக்கும்."

"பிடிப்பாங்க, காய வைப்பாங்க. திங்கத் தெரியுமா அவங்களுக்கு? தெரிஞ்சா நமக்கு எதுக்கு விக்கிறாங்க?"

"ஊற வச்சா போதும், நாத்தத்துல பக்கத்து வீட்டுக்காரன் போலீசக் கூப்பிடுவான்."

"வரட்டும். வந்த போலீசுக்கும் ஒரு கிண்ணம் ஊத்து."

குளோரி நடுவில் புகுந்து, "மீன எடுத்துட்டு இன்னொரு கம்பளிய வைங்க, பிள்ள விறைச்சிடுவா" என்றாள். நான் இருவர் பேச்சையும் காதில் வாங்காமல் மீனைப் பெட்டியின் அடியில் அழுத்தி, மேலே பொடித்த கூனி இறால், குழம்புக்கு அரைக்கும் எகுசி விதை, அவளுடைய குளிர்கோட்டு, பூட்சு எல்லாம் அடுக்கி, கடைத் தராசில் ஏற்றினேன். சரியாக இருபத்து மூன்று கிலோ, முள் இப்படி அப்படி அசையவில்லை. பெட்டியைக் கடையிலேயே வைத்துப் பூட்டினோம். ஞாயிறு தேவாலயம் முடிந்ததும், பூனையிடம் சொல்லிக்கொண்டு வருகிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டு போன சினாசா ஒரு மணி நேரம் கழித்துப் பெட்டியோடு வந்தாள். பூனையிடம் அவ்வளவு நேரம் என்ன பேச்சு என்று நானும் கேட்கவில்லை.

நேற்று போர்ட் ஹார்கோர்ட் விமான நிலையத்தில் பெட்டியை வைத்தால் இருபத்தைந்தரை என்கிறது! கவுண்ட்டர் பெண் சின்னப் பெண், நம் சினாசா வயதுதான்.

"சார், ரெண்டரை கிலோ அதிகம்."

"உன் தராசு கெட்டுப்போச்சும்மா. என் தராசு இருபத்திரண்டு வருஷமா பொய் சொன்னதில்ல."

"எங்க தராசு சரிதான் சார்."

"சரி, அத விடு. கொசுறு எங்க?"

"என்னது?"

"இருபத்து மூணு கிலோ வாங்குறவனுக்குக் கையால ஒரு அள்ளு மேல போடாம எந்த வியாபாரி அனுப்புவான்? உங்கம்மா எந்தச் சந்தையில மிளகா வாங்குறாங்க? அவங்களையே கேட்டுப் பாரு."

பின்னால் நின்ற ஒரு பெரியம்மா, "நியாயந்தானே! போட்டு விடும்மா. அப்படியே எனக்கும் ஒரு அள்ளு" என்றாள். வரிசையே சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டாள். "மாமா, எங்கம்மாவே வந்து நின்னாலும் இங்க கொசுறு கிடையாது. காசு கட்டுங்க, இல்ல எடுங்க." கொசுறுக்குக் காசு கட்டினேன் என்று தெரிந்தால் சந்தையில் என்னை எவன் மதிப்பான்?

தரையில் பெட்டியைத் திறந்தோம். ஊரே எட்டிப் பார்க்கிறது. ஆடாகு, உன்னிடம் ஒளிப்பானேன், அந்த இடத்தில் நான் தோற்றுவிட்டேன். பிள்ளைக்குக் கோட்டுதான் முக்கியம் என்று நானே மீன் பொட்டலத்தை எடுக்கக் குனிந்தேன். சினாசா என் கையைத் தட்டிவிட்டாள்! "அதத் தொடாதீங்கப்பா!" என்று ஒரு சத்தம். கோட்டை எடுத்தாள், போட்டுக்கொண்டாள். பூட்சை எடுத்தாள், மாட்டிக்கொண்டாள். வெளியே மண்டை பிளக்கும் வெயில், இவள் கரடி மாதிரி வேர்த்து ஒழுகிக்கொண்டு கையசைத்தபடி உள்ளே போனாள். சனிக்கிழமை அத்தனை கேலி செய்தவள், அப்பன் கட்டிக் கொடுத்த மீனை விடவில்லை பார்த்தாயா. என் கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது. கூனிப்பொடி என்று குளோரியிடம் சொன்னேன். விமான நிலையத்தில் ஏது கூனி என்றாள்.

ஆகவே தங்கச்சி, மீனை ஓர் இரவு முழுக்க ஊற வை. மாப்பிள்ளை மூக்கைப் பொத்தினால் பொத்தட்டும். தலைப்பக்கத் துண்டு உனக்கு. அவள் சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார், போதும் என்றால் நம்பாதே, இன்னொரு கரண்டி ஊற்று.

உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் எரியட்டும், கதவு தட்டுகிறவர்கள் நல்ல செய்தியோடு மட்டும் வரட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன் ஒக்வுதிலி

பி.கு.: இது கடையிலிருந்து. இப்போதுதான் திறந்தேன். வழக்கம்போல ரேடியோவைத் திருகக் கை போனால், ரேடியோ இல்லை. கைப்பிடி உடைந்து சணல் கயிறு கட்டியிருக்குமே, அந்தப் பழைய பெரிய ரேடியோதான். அது இருந்த இடத்தில் என் மீன் இருக்கிறது, மீன் மேல் பூனை இருக்கிறது. மேலே மீனைப் பற்றி எழுதியது அத்தனையும் அடித்துவிடு. தராசைப் பற்றியதையும் அடித்துவிடு, அந்தக் கவுண்ட்டர் பெண் பொய் சொல்லவில்லை. பொட்டலத்தை அவளே பிரிக்கட்டும், எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே. பெரிய பேட்டரி ஆறு வாங்கி வை. அங்கே அதில் ஒரு நிலையமும் எடுக்காது, வெறும் இரைச்சல்தான் வரும். இங்கேயும் பாதி நாள் இரைச்சல்தான். அதைக் கேட்டுக்கொண்டே மீன் மூட்டை மேல் உட்கார்ந்துதான் அவள் பன்னிரண்டு வருஷம் பாடம் படித்தாள். அணைக்கச் சொல்லாதே.