கோபுரம் ஏறிய நாற்காலி

பறவை பார்ப்பவர்கள் எல்லாரும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவர்கள் என்ற பேருண்மையைக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தவர் பறவையக்கா. காட்டுயிர்களைப் பற்றி வீடியோ போடுபவர் என்பதால் ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடும். பறவை பார்ப்போர் சங்கத்தாராகிய நாங்கள் கண்ணாடியில் பார்த்துக்கொண்டோம். காக்கித் தொப்பி, தொந்தி, ஓய்வூதியம். மறுக்க வழியில்லை.

"பறவை எல்லாருக்கும் சொந்தம்" என்று அவர் வனத்துறை அலுவலகத்தில் போய் முழங்கினார். முழங்க ஒரு சொந்தக் காரணமும் இருந்தது. சக்கர நாற்காலியில் இருக்கும் அவர் தங்கைக்கு ஒரு மீன்கொத்தியைப் பார்த்துவிட வேண்டுமென்று வெகுநாள் ஆசை. எங்கள் ஊர் ஏரியைச் சுற்றி ஆளுயரக் கோரை. பறவை பார்க்க வனத்துறை கட்டிய கோபுரத்தின் மேலிருந்துதான் தண்ணீர் தெரியும். கோபுரத்துக்கோ படிக்கட்டு மட்டும்தான்.

"ஒரு சாய்தளம் கட்டிக் கொடுத்தாப் போதும் சார்."

"கட்டடம் வேற துறைம்மா" என்றார் அதிகாரி. "எங்ககிட்ட பன்முகத்தன்மை மட்டும்தான் இருக்கு. அதை உடனே செஞ்சுடலாம்."

செய்தார். எங்கள் சங்கத்தில் வகைக்கு ஒருவராக ஆள் சேர்க்கச் சுற்றறிக்கை போனது. ஒரு தையல்காரர், ஒரு கர்ப்பிணி, காது குத்திய கல்லூரி மாணவர் ஒருவர் வந்து சேர்ந்தார்கள். காக்கி பழைய பாணியாம். அனைவருக்கும் பளபளக்கும் ஆரஞ்சுத் தொப்பி. அதைக் கண்ட மாத்திரத்தில் ஏரிக் கொக்குகள் அக்கரைக்குக் குடிபெயர்ந்தன.

இந்தப் பன்முகத் திட்டத்தின் தொடக்க விழாவன்று, கோபுர உச்சியில் எடுக்கும் படத்தில் சக்கர நாற்காலி கட்டாயம் இருக்க வேண்டும் என்று உத்தரவு.

"தங்கச்சியை நாங்க தூக்கிட்டு ஏறிடறோம்" என்றேன்.

"ஆளைத் தூக்கறது பாதுகாப்பு விதிக்கு விரோதம். நாற்காலியைத் தூக்கலாம்."

தங்கை கீழே பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டாள். நாற்காலி மேலே போனது. காலியாக இருந்தால் நன்றாக இராதே என்று அதிகாரியே பெருந்தன்மையுடன் அதில் அமர்ந்தார்.

"கொஞ்ச நேரம் பொறுத்துக்கோடி. படம் நல்லா வந்தா சாய்தளமும் வரும்" என்று தங்கையிடம் சொல்லிவிட்டுப் பறவையக்காவும் ஏறினார். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஏறினேன்.

"எல்லாரும் இங்க பாருங்க" என்றார் புகைப்படக்காரர். பார்த்தோம்.

"அக்கா, மீன்கொத்தி. சாருக்குப் பின்னால, கம்பி மேல" என்று கீழிருந்து தங்கை கத்தினாள்.

"உஷ்" என்றோம் ஒரே குரலில். பறவை பார்க்கும் இடத்தில் சத்தம் போடுவது அநாகரிகம்.

அடுத்த வாரம் அந்தப் படம் பெரிய பலகையாகிக் கோபுரத்தடியில் நின்றது. தங்கை அண்ணாந்து பார்த்தாள்.

"என் நாற்காலி நல்லா விழுந்திருக்கு. பறவை எங்க?"

"சார் காதுகிட்ட நீலமா ஏதோ கறை இருந்துச்சும்மா" என்றார் புகைப்படக்காரர். "துடைச்சுட்டேன்."

சாய்தளம் என்னவாயிற்று என்று கேட்டதற்கு, சம்பந்தப்பட்ட நபர் கீழிருந்தே பறவையைப் பார்த்துவிட்டதால் தேவை நிறைவேறியது எனப் பதில் வந்தது. பறவையக்கா கொதித்துப்போய் ஒரு வீடியோ போட்டார். என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், சங்கத்தார் நாங்கள் சும்மா இருக்கவில்லை. கோபுரத்தின் மேல் நின்றபடியே எல்லாரும் அதற்கு இதயம் போட்டோம்.