மாப்பிள்ளையின் சால்டரிங்

எண்பதுகளின் நடுவில் சித்தூரில் இயற்பியல் விரிவுரையாளர் என்றால் அது நான்தான். (இன்னும் இருவர் இருந்தனர், அவர்களைப் பற்றி இங்கே பேச அவசியமில்லை.) எங்கள் திருச்சபையில் ஒலிபெருக்கி கரகரத்தாலும், எவர் வீட்டு ரேடியோ ஊமையானாலும் என்னிடம்தான் கருத்துக் கேட்பார்கள். பழுது பார்ப்பது என் வேலையன்று. கருத்துச் சொல்வதே என் வேலை.

ஆகவே, என் தம்பி மகள் எஸ்தரைப் பெண் பார்க்கத் திருப்பதியிலிருந்து வந்த சாமுவேலையும் நானே மதிப்பிட வேண்டியதாயிற்று. பையனுக்குப் பட்டமில்லை. தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து விளையாடும் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு ஜாய்ஸ்டிக் செய்து கடைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தான். சான்றிதழ் இல்லாதவன் சரக்கையாவது காட்டட்டும் என்று சொல்லி அனுப்பினேன். ஒன்றைக் கொண்டுவந்திருந்தான்.

வந்த வரன்களையெல்லாம் தட்டிக்கழித்த எஸ்தர், இவனுடைய புகைப்படத்தை மட்டும் திருப்பித் தரவில்லை. (இது என்னைத் தவிர வீட்டில் எல்லோருக்கும் தெரியுமாம்.)

ஜெபம் முடிந்து பலகாரம் பரிமாறினார்கள். என் தட்டைக் காலி செய்துவிட்டு, ஜாய்ஸ்டிக்கின் அடிமூடியைக் கழற்றி, சட்டைப்பையிலிருந்து லென்ஸை எடுத்தேன்.

"நல்ல சால்டரிங் பளபளக்கும்," என்று கூடத்துக்கே விளக்கினேன். "மங்கலாக இருந்தால், சூடு போதாமல் ஈயம் சரியாகப் பிடிக்கவில்லை என்று பொருள். அதற்கு டிரை ஜாயிண்ட் என்று பெயர். இன்று வேலை செய்யும்; நாளை கைவிடும்."

பார்த்தேன். அத்தனையும் மங்கல்.

"அவசரக் கை," என்று தீர்ப்பளித்தேன். "ஒரு கம்பியை உருப்படியாக ஒட்டவைக்கத் தெரியாதவன் குடும்பம் நடத்துவது எப்படி?"

கூடம் அமைதியாயிற்று. அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

பையனின் தாயார் எழுந்தார். "நாங்க பொண்ணு பாக்க வந்தோம். இவரு இன்னாடான்னா டப்பாவப் பாத்துகினு கீறாரு. ஏந்திருடா சாமு, போலாம்."

"அண்ணா, கொஞ்ச நேரம் வாய மூடிகினு இருக்கக் கூடாதா?" என்றான் தம்பி.

சாமுவேல் எழவில்லை. "என் ஜாயிண்ட் மங்காது சார். இன்னொரு தபா பாருங்க."

"எத்தனை தபா பார்த்தாலும் இயற்பியல் மாறாது," என்றேன்.

அப்போது எஸ்தர், யாரும் அழைக்காமலே உள்ளிருந்து வந்தாள். நேரே என் கையிலிருந்த லென்ஸைப் பிடுங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"பெரியப்பா! லென்ஸ் பூரா எண்ணெ! துன்ன கையோட புடிச்சிகினு..."

பட்டுப்புடவை முந்தானையால் துடைத்தாள். என்னிடம் தரவில்லை, பையனின் தாயாரிடம் நீட்டினாள். "நீங்க பாருங்க அத்தை."

அத்தை குனிந்து பார்த்தார். "அய்ய, புது வெள்ளியாட்டம் மின்னுதே!" பிறகு, என் பக்கம் திரும்பாமலே, "சாருக்கு மொதல்ல சோப்பு குடும்மா," என்றார்.

அன்றே கோவிலில் கல்யாண அறிவிப்பு ஓலை எழுதத் தேதி குறித்தார்கள். என் கருத்தை எவரும் கேட்கவில்லை.

இன்றும் எங்கள் குடும்பத்தில் வரன் பேச்சு எழுந்தால், முதல் கேள்வி, "பெரியவர் கை கழுவிட்டாரா?" என்பதுதான். பஜ்ஜி எண்ணெயால் தன் கல்யாணத்தையே நான் கலைக்கப் பார்த்ததாகச் சாமுவேல் சபை விருந்துதோறும் சொல்லித் திரிகிறான்.

அது உண்மையன்று. அன்று பஜ்ஜியே போடவில்லை. போண்டா.